பிழியும் கைக்கு ஓய்வு வேண்டும்

தில்லித் தமிழர் என்றால் நமக்குச் செயலகமும் சங்கமும் இசை விழாவும் நினைவுக்கு வரும். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் பல பத்தாண்டுகள் இருந்த மதராசி கேம்ப் அவ்வளவு எளிதில் நினைவுக்கு வராது. அங்கே வாழ்ந்த நம் பெண்களில் பலர், சுற்று வட்டாரத்து வீடுகளில் பாத்திரம் துலக்கியும் துணி துவைத்தும் தரை துடைத்தும் பிழைத்தவர்கள். அவர்களுடைய கைகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இரவில் கை மரத்துப் போகிறது. கட்டைவிரலிலும் அடுத்த இரு விரல்களிலும் ஊசி குத்துகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சற்றுத் தேவலை. இப்படிச் சொல்லும் அம்மாக்களை நான் அறிவேன். சிலர் அதை வாதம் என்பர். சிலர் வயதின்மேல் பழி போடுவர். வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு மறுநாள் வேலைக்குப் போவர்.

இத்தகைய தொல்லைக்குப் பெரும்பாலும் காரணம் கார்ப்பல் டனல் நோய். மணிக்கட்டில் எலும்புகள் தளமாகவும் கெட்டியான நார்ப்பட்டை கூரையாகவும் அமைந்த குறுகிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. அங்கே வீக்கம் கண்டால் நசுங்குவது நரம்பே. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. ஆகையால் அது தப்பிவிடும். நீரிழிவு, தைராய்டுக் குறை, கருப்பம் ஆகியவையும் இந்நோய்க்கு இடம் கொடுக்கும்.

கத்தி வைத்துவிடுவார்களோ என்ற அச்சமே பலரை மருத்துவமனைப் பக்கம் போகவிடுவதில்லை. நோய் முற்றாதவரை அந்த அச்சம் தேவையில்லை. மணிக்கட்டை வளையாமல் நேராக நிறுத்தும் பட்டையை இரவுதோறும் ஆறு வாரம் அணிவது முதல் மருத்துவம். மற்றொன்று மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி. 2018-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று இவ்விரண்டையும் ஒப்பிட்டது. ஆறாவது வாரத்தில் ஊசியே மேலாக இருந்தது. ஆறாவது மாதத்தில் பெரிய வேற்றுமை இல்லை. ஆகவே எளிய பட்டையை இகழ்வதற்கில்லை. ஆனால் கட்டைவிரலின் அடித்தசை வற்றத் தொடங்கினாலும், மரமரப்பு ஓயாமல் நீடித்தாலும் அறுவையைத் தள்ளிப் போடலாகாது.

இவ்வளவும் மருத்துவர் சொல்வார். அவரால் எழுதித் தர முடியாத மருந்து ஒன்று இருக்கிறது. இரவெல்லாம் பட்டைக்குள் ஓய்ந்த கை, விடிந்ததும் நனைந்த போர்வையை முறுக்கிப் பிழியப் போனால், அந்த ஓய்வு எத்தனை நாள் நிற்கும்? அழுத்தமான வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் இந்நோயை உலகத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தொழிலால் வந்த நோய்க்குத் தொழிலிலும் மருந்து வேண்டாமா? கையால் பிழிய வேண்டாத துடைப்பான், பளுவான துணிகளுக்கு இயந்திரம், சம்பளம் பிடிக்காத சில நாள் ஓய்வு, இவையே அம்மருந்து.

"ஓய்வு கேட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வார்களே!" என்று கேட்கலாம். உண்மைதான். அதனால்தான் இதை எசமானியின் இரக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். தமிழ்நாட்டில் 2007-இல் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் அமைந்தது. வீட்டுப் பணியாளர் உரிமைக்காக 2011-இல் உருவான உலக உடன்படிக்கையை இந்தியா இன்னும் உறுதி செய்யவில்லை. உரிமை சட்டத்தில் ஏறும்வரை ஓய்வு பிச்சையாகவே இருக்கும்.

2025 ஜூன் 1 அன்று, உயர்நீதிமன்ற ஆணையின்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது. வேலை செய்த வீடுகளோ அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில்! முன்பு அருகிலிருந்த சப்தர்ஜங் மருத்துவமனையும் தொலைவாகிவிட்டது. நோயுற்ற கைக்கு இனி ஓய்வும் குறைவு, மருத்துவமும் அரிது.

தோழர்களே, நம் மன்றம் செய்யக் கூடியது உண்டு. நோயின் அறிகுறிகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு அவர்களிடம் சேர்க்கலாம். இந்தி தெரிந்தவர்கள் அவர்களுடன் மருத்துவமனைக்குச் செல்லலாம். நமக்குத் தெரிந்த வீடுகளில் பிழியும் வேலையைக் குறைக்கச் சொல்லலாம். தமிழின் பெருமை பேசும் நாம், தமிழ்த் தாய்மாரின் கைக்குத் துணை நிற்போமாக!