சாரலுக்கும் ஒரு படப் புத்தகம் வேண்டும்

இங்கிலீஷ் டீச்சர் சின்ன வகுப்புகளுக்கு வாசித்துக் காட்டிய 'தி ஸ்னோயி டே' என்ற படப் புத்தகத்தைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன். எங்கள் வகுப்பில் பலர், "புளியங்குடியில பனியா கொட்டுது? நமக்கு எதுக்கு இது?" என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

கதை சின்னதுதான். பீட்டர் என்ற பையன் காலையில் எழுந்து பார்த்தால் வெளியே எல்லாம் வெள்ளை. சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு போகிறான். பனியில் கால் தடம் பதிக்கிறான். குச்சியால் மரத்தைத் தட்டித் தலையில் பனியை விழ வைக்கிறான். நாளைக்கு வேணும்னு ஒரு உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். ராத்திரி பார்த்தால் பை காலி!

ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மார்கழிப் பனியை நினைத்துக்கொண்டு, அதில் எப்படிக் கால் பதியும் என்று கேட்டார்கள். நமக்கு ரெண்டுக்கும் ஒரே சொல்தானே. ஊட்டியில்கூடப் புல் மேல் உறைபனிதான் படியும். ஆனால் பை காலியான இடத்தில் யாருமே விளக்கம் கேட்கவில்லை. ஆலங்கட்டியைப் பொறுக்கிக் கைக்குள் மூடி வைத்தவர்களுக்கு அது தெரியாதா என்ன?

எழுதிப் படமும் போட்டவர் எஸ்ரா ஜாக் கீட்ஸ், நியூயார்க் புரூக்ளின்காரர். புத்தகம் வந்தது 1962-ல். 1963-ல் கால்டெகாட் பதக்கம் வாங்கியது. பீட்டர் கறுப்பினப் பையன். அந்தக் காலத்து அமெரிக்கப் படப் புத்தகங்களில் அப்படி ஒரு பிள்ளை கதாநாயகனாக வருவது அபூர்வம். மற்றவர்கள் கதைக்கெல்லாம் படம் போட்டுப் போட்டு, அதில் ஒன்றிலும் அந்தப் பிள்ளை இல்லையே என்றுதான் கீட்ஸ் தானே கதை எழுதினார். நியூயார்க் பொது நூலகம் 2020-ல் கணக்குப் பார்த்தபோது, 125 வருஷத்தில் அங்கே அதிகமாக இரவல் போன புத்தகம் இதுதான். 4,85,583 தடவை!

பீட்டர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, கஷ்டப்படவும் இல்லை. விளையாடுகிறான், அவ்வளவுதான். நான் படித்த கதைகளில் நம்மூர் மாதிரிப் பிள்ளை வந்தால் மரம் நடும், இல்லாவிட்டால் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தில் திருந்தும். ஒரு நாளாவது சும்மா இருக்க விடமாட்டார்கள். (டீச்சர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

நமக்குப் பனி இல்லை, சீசன் இருக்கிறதே. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் மேற்கே மலை மேகத்துக்குள் போய்விடும். குற்றாலத்தில் தண்ணி விழுந்தாச்சு என்பார்கள். இங்கே மேகாத்து அடிக்கும். வெயில் இருக்கும்போதே சாரல் முகத்தில் பட்டுட்டுப் போகும். குடை பிடித்தால் குடை திரும்பிக்கொள்ளும், கொடியில் துணி காயாது. "உள்ள வா புள்ள, சளி பிடிக்கும்" என்று ஆச்சி சத்தம் போடுவா. நாம் போவோமா? குற்றாலம் என்றால் எல்லாரும் அருவியைத்தான் படம் போடுகிறார்கள். இந்த முதல் சாரல் நாளை ஒரு படப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

அதற்காகப் பனிப் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. கீட்ஸ் பெரிய சாமான் எதுவும் வைத்துப் படம் போடவில்லை. விதவிதமான காகிதங்களை வெட்டி ஒட்டினார். ரப்பரை வெட்டி அச்சு செய்து பெயிண்டில் தொட்டுப் பனிப்பூ போட்டார். டூத் பிரஷ்ஷால் மை தெளித்தார். தெளிக்கிற வேலை பனியைவிடச் சாரலுக்குத்தான் பொருத்தம்!

நாமே செய்யலாம், 16 பக்கம் போதும். கடைசிப் பக்கத்தில் நீதி எழுதக் கூடாது, அது ஒன்றுதான் என் நிபந்தனை. பழைய டூத் பிரஷ், தேய்ந்த ரப்பர், கல்யாணப் பத்திரிகை அட்டை இருப்பவர்கள் 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் கொண்டுவந்து கொடுங்கள்.