கோடையும் கோழிக் கொட்டிலும்

திருவாரூர் மாவட்டத்து நன்னிலம் வட்டத்தில் சம்பா அறுவடையாகி, உளுந்தும் பயறும் எடுத்தானபின், மேட்டூர் நீர் வந்து சேரும் வரையில் வயலில் வேலை சொற்பமே. அம்மாதங்களில் கோழியினால் வரும் சில்லறை வரும்படி குடும்பத்திற்கு, முக்கியமாக வீட்டுப் பெண்மக்களுக்கு, உற்ற துணையாகும். ஆயினும் சித்திரை பிறந்ததும் முட்டை குறைகிறது. இட்ட முட்டையும் ஓடு மெலிந்து உடைகிறது. அடைவைத்தவற்றில் பல கூமுட்டையாகின்றன. இதற்குச் சிலர் கோழியின் சாதியையும், சிலர் தீனியையும், சிலர் திருஷ்டியையும் காரணமாகக் கூறுவர். உண்மையில் குற்றம் பெரும்பாலும் கொட்டிலிலேயே இருக்கிறது.

கோழிக்கு வியர்வை கிடையாது. அதன் உடல் உஷ்ணம் இயல்பிலேயே ஏறக்குறைய 106 டிகிரி பாரன்ஹீட். சுற்றுப்புற உஷ்ணம் 85 டிகிரிக்கு மேற்படும்போது அது வாய்திறந்து மூச்சிரைத்தே தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு இரைக்கையில் கரியமிலவாயு அளவுக்கு மிஞ்சி வெளியேறுகிறது. அதனால் முட்டையோட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து சரிவரச் சேர்வதில்லை. இரையும் குறைகிறது. சேவலின் வீரியமும் தளர்கிறது. ஆகவே இனவிருத்திக்கென வைத்த கோழிகளில் நஷ்டம் இருமடங்காகும். முட்டையும் போயிற்று, அடுத்த தலைமுறைக் குஞ்சும் போயிற்று.

நாட்டுக்கோழிக்குக் கொட்டில் எதற்கு, வேப்பமரத்து நிழல் போதாதா என்று கேட்போர் உண்டு. அவிழ்த்துவிட்ட கோழி தன் புத்தியால் நிழலையும் நீரையும் தேடிக்கொள்ளும் என்பது மெய்யே. ஆனால் நந்தனம் கோழியோ, நல்ல அசீலோ விலைகொடுத்து வாங்கி, கலப்பு நேராதிருக்கத் தகரக் கூரையின்கீழ் அடைத்து வைத்தவர், அக்கோழி தேடிக்கொள்ளும் வழியை அடைத்தவரே ஆவார். அடைத்தவரே நிழலும் காற்றும் தர வேண்டும்.

நாமக்கல் பிரதேசம் நன்னிலத்தைவிட வறண்டது. எனினும் தமிழ்நாட்டில் முட்டை உற்பத்திக்குப் பேர்பெற்றது அதுவே. அங்குள்ள நீண்ட கொட்டில்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டு, வடக்கும் தெற்கும் திறந்திருக்கின்றன. அவை விற்பனை முட்டைக்கான பண்ணைகளேயாயினும், வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் அவ்வமைப்பு இனவிருத்திக் கோழிக்கும் பொருந்தும். ஒரு பேதம் மாத்திரம் நினைவிலிருக்க வேண்டும். வறண்ட காற்றில் நீர் தெளித்தால் குளிர்ச்சி உண்டாகும். நன்னிலத்திலோ கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவருவதால், காற்றோட்டமில்லாத கொட்டிலுக்குள் நீரைத் தெளிப்பது புழுக்கத்தையே பெருக்கும். ஆகவே இங்கே முதல் மருந்து காற்று. நீர் அதற்கு அடுத்ததே.

கொட்டிலை மேட்டில், ஐப்பசி கார்த்திகை வெள்ளம் ஏறாதபடி இரண்டடி உயரத் தளத்தில் அமைக்க வேண்டும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். பக்கச்சுவர் ஒன்றரை அடி போதும். அதற்குமேல் கம்பிவலையோ மூங்கில் தட்டியோ வைக்கலாம். கூரைக்குக் கீற்றின்மேல் கனமாக வைக்கோல் வேய்ந்து, இறவாணத்தை மூன்றடி வெளியே நீட்ட வேண்டும். முன்னமே தகரம் போட்டவர்கள் அதன் மேற்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாலும் சூடு குறையும். கோழி ஒன்றுக்கு மூன்று சதுர அடி இடமும், எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலும் கணக்கு. நீர் மட்பாண்டத்தில், நிழலில், எந்நேரமும் இருக்க வேண்டும். தீனியை விடியலிலும் மாலையிலும் இட்டு, கிளிஞ்சல் தூளை மாலையில் வைப்பது நலம்.

அடைமுட்டையைக் காலையும் மாலையும் எடுத்து, ஈரமணலில் பதித்த பானையில் வைத்து, ஏழு நாட்களுக்குள் அடைவைக்க வேண்டும். சூடான இடத்தில் கிடக்கும் முட்டையில் கரு அரைகுறையாக வளர்ந்து மடிந்துவிடும்.

இதற்கெல்லாம் பணம் ஏது என்பர். வைக்கோலும் கீற்றும் மூங்கிலும் காவிரிப் பாசனத்து ஊர்களுக்கு அரிய பொருள்களல்ல. மாசியில் போர் போடும்போதே நாலு கட்டு வைக்கோலை ஒதுக்கினால், பங்குனியில் கூரை முடிந்துவிடும். சித்திரையில் கோழி செத்தபின் வேயும் கூரையால் யாருக்கும் பயனில்லை.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் பங்குண்டு. இலவசமாகவோ மானியமாகவோ கோழிக்குஞ்சு வழங்கும்போது, பெறுவோரின் பெயரைப் பட்டியலில் எழுதுவதோடு நில்லாமல், அவர் வீட்டில் கொட்டில் நிற்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். கூரையில்லாத வீட்டுக்குக் கோடையில் குஞ்சு கொடுப்பது, மடை திறவாத வயலில் நாற்று நடுவதற்கு ஒப்பாகும். முதலில் கொட்டில், பின்னர் குஞ்சு: இம்முறையை ஒவ்வோர் ஊரும் கைக்கொண்டால், கோடையிலும் கோழி வளர்க்கும் வீட்டில் நாலு காசு புழங்கும்.