சட்டைப்பையில் ஒரு காரியதரிசி

ஞாபக சக்தியைப் பொறுத்தவரையில் மனிதர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். மறந்துவிட்டதை ஒப்புக்கொள்கிறவர்கள் ஒரு வகை. மறந்துவிட்டோம் என்பதையே மறந்துவிடுகிறவர்கள் இன்னொரு வகை. நாம் வெகு காலம் இரண்டாவது வகையைச் சேர்ந்திருந்தோம். அந்த நாட்களில் நமக்குக் கவலை என்பதே கிடையாது. கவலையெல்லாம் வீட்டில் உள்ள மற்றவர்களுக்குத்தான்.

இந்த ஆனந்தமான நிலைமை 1998-ம் வருஷத்தில் முடிவுற்றது. அமெரிக்காவில் உத்தியோகம் பார்த்துவந்த நமது தமக்கையின் குமாரன் விடுமுறையில் ஊருக்கு வந்தான். வந்தவன், சீட்டுக்கட்டைவிடச் சற்றுப் பெரிதான ஒரு யந்திரத்தை நம் கையில் வைத்து, "மாமா! இனிமேல் நீங்கள் எதையும் மறக்க முடியாது. எல்லாவற்றையும் இது பார்த்துக்கொள்ளும்" என்றான்.

அருகில் நின்ற நம் இல்லத்தரசி, "அப்படியா? விடியற்காலையில் எழுந்து பாலும் இதுவே வாங்கிவிடுமா?" என்று விசாரித்தாள். மேற்படி கேள்விக்கு அமெரிக்காவில் படித்தவனிடமும் பதில் இல்லை.

பால் வாங்காதே தவிர, அது செய்யக்கூடிய காரியங்கள் அற்பமானவை அல்ல. நாட்குறிப்பு, விலாசப் புத்தகம், செய்ய வேண்டிய வேலைகளின் ஜாபிதா, கைக்குறிப்பு ஆகிய நான்கும் அதற்குள் அடக்கம். குறித்த நேரத்தில் மணி அடித்து ஞாபகப்படுத்தும். பெரிய துரைமார்களுக்குக் காரியதரிசிகள் இருப்பதுபோல், சாமானியனுக்குச் சட்டைப்பையிலேயே ஒரு காரியதரிசி. சம்பளம் இல்லை, லீவு இல்லை, எதிர்த்துப் பேசுவதும் இல்லை.

இந்தக் காரியதரிசியின் பூர்வோத்தரத்தை நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது. 1984-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஸியான் என்னும் கம்பெனியார் 'ஆர்கனைசர்' என்ற பெயருடன் ஒரு கைக்கருவியைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு ஜப்பானிய கம்பெனிகளும் இத்தகைய மின்சார நாட்குறிப்புகளைச் செய்து விற்றன. அவற்றில் சுண்டைக்காய் அளவுள்ள பொத்தான்களை விரல் நுனியால் ஒவ்வொன்றாக அழுத்தித்தான் எழுத வேண்டும். 1993-ல் ஆப்பிள் கம்பெனி 'நியூட்டன்' என்னும் கருவியை 699 டாலர் விலையில் வெளியிட்டது. மனிதன் தன் இஷ்டம்போல் எழுதலாம், யந்திரம் அதைப் படித்துக்கொள்ளும் என்றார்கள். ஆனால் ஆரம்பத்தில் மனிதன் எழுதியது ஒன்று, அது படித்தது வேறொன்று! பத்திரிகைகளின் ஹாஸ்யச் சித்திரக்காரர்களுக்கு அது ஒரு விருந்தாகப் போயிற்று. பிற்பாடு அதன் படிப்பு எவ்வளவோ முன்னேறியும், முதலில் ஏற்பட்ட அபகீர்த்தி நீங்கவில்லை. 1998-ல் அதை நிறுத்தியே விட்டார்கள்.

இதற்கிடையில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்னும் அமெரிக்கர் வேறு விதமாக யோசித்தார். யந்திரம் செய்வதற்கு முன்னால், அதன் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாராவது, "அடுத்த வாரம் சந்திக்கலாமா?" என்று கேட்டால், கட்டையை வெளியில் எடுத்து, ஒரு குச்சியால் அதன் மேல் எழுதுவதுபோல் பாவனை செய்வாராம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! ஆனால் அந்தக் கட்டைதான் அவருக்கு உண்மையைப் போதித்தது. எவ்வளவு கனம் இருந்தால் பை தாங்கும், எந்தக் காரியம் அடிக்கடி வேண்டியிருக்கிறது, எது வேண்டியதே இல்லை என்பதெல்லாம் கையிலே வைத்துப் பார்த்தால் அல்லவா தெரியும்? அந்த மரக்கட்டை இப்போது கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் சரித்திரப் பொருட்காட்சிசாலையில் கௌரவமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து பிறந்த 'பாம் பைலட்' 1996-ம் வருஷம் மார்ச்சு மாதம் வெளிவந்து, பத்து லட்சக்கணக்கில் விற்பனையாயிற்று.

ஹாக்கின்ஸ் செய்த இன்னொரு யுக்தி விசேஷமானது. நியூட்டன் மனிதனுடைய கையெழுத்தைக் கற்றுக்கொள்ள முயன்று தோற்றது. இவரோ, யந்திரத்தின் எழுத்தை மனிதன் கற்றுக்கொள்ளட்டும் என்று தீர்மானித்தார். 'கிராஃபிட்டி' என்ற அந்த எழுத்தில் அநேகமாக ஒவ்வோர் ஆங்கில அக்ஷரமும் ஒரே கோடு. 'ஏ' என்ற எழுத்துக்குக் குறுக்குக் கோடு கிடையாது; கூரை மாதிரி ஏறி இறங்கினால் போதும். 'டி' என்பதற்கு வலப்பக்கம் சென்று கீழே இறங்க வேண்டும். நமக்குக் கிடைத்த யந்திரமும் ஏறக்குறைய இந்த ஜாதிதான். ஆகவே ஐம்பது வயதைத் தாண்டிய நாம், பேரப் பிள்ளைக்கு அக்ஷராப்பியாசம் நடந்த அதே வருஷத்தில், அவனுடன் கூட உட்கார்ந்து எழுதப் படித்தோம். இரண்டு வாரத்தில் நாம் தேறினோம். அவனுக்குச் சற்று அதிக காலம் பிடித்தது. ஆனால் அவன் கற்றது இருநூற்று நாற்பத்தேழு எழுத்து!

இங்கேதான் சங்கடம் ஆரம்பமாயிற்று. நம் காரியதரிசிக்கு ஆங்கிலம் வரும், தமிழ் வராது. நம் அன்னையின் பெயரையும், குலதெய்வத்தின் ஊரையும், மளிகைக் கடைக்காரரின் பெயரையும் ஆங்கில எழுத்திலேதான் எழுதவேண்டியதாயிற்று. 'பழனி'யில் உள்ள ழகரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன கதி நேரும் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நம் இல்லத்தரசி அதை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள். "இதில் இருப்பது நம் வீட்டு மனிதர்கள் மாதிரியே இல்லையே!" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்று முதல் அது குடும்பத்தின் பொதுச் சொத்தாக இல்லாமல், நம் ஒருவருடைய தனிச் சொத்தாகிவிட்டது.

அந்தச் சமயத்தில், நமக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்த ஆசிரியர் விடைபெற்றுக்கொள்ள வந்தார். மனைவியை இழந்து தனியாயிருந்தவர், நாகபுரியில் இருந்த மகள் வீட்டோடு போய் இருக்கத் தீர்மானித்திருந்தார். விலாசம் சொன்னார். நாம் பெருமையுடன் யந்திரத்தை எடுத்து எழுதிக்கொண்டோம். அவர் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதில் தமிழ் எழுத முடியாதோ?"

"முடியாது, ஐயா."

"அப்படியானால் இதற்கு என்னைத் தெரியாது என்று சொல்" என்று சிரித்தார். பிறகு, எழுந்திருக்கும்போது, "அங்கே தமிழ் பேச ஆள் அகப்படாது. மாதம் ஒரு கடிதமாவது போடு, அப்பா" என்றார்.

அதற்குப் பின் நாங்கள் ஒரு கல்யாணத்துக்காகக் கிராமத்துக்குப் போனோம். போன இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் தங்கும்படி நேர்ந்தது. யந்திரம் அலமாரியில் இருந்தது. அந்நாளைய யந்திரங்களில் நாம் எழுதியதெல்லாம் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரையில்தான் நிலைத்திருக்கும். விரல் பருமனுள்ள இரண்டு பாட்டரிகள் பல வாரங்களுக்கு வரும். தீருவதற்கு முன்னால் யந்திரம் எச்சரிக்கையும் செய்யும். ஆனால் பூட்டிய அலமாரிக்குள் இருந்துகொண்டு யாரை எச்சரிப்பது? திரும்பி வந்து புதிய பாட்டரி போட்டதும், முதல் நாளைப் போலவே, மூலையில் தோன்றும் குறியைத் தொடும்படி சொல்லிற்று. உள்ளே ஒன்றுமே இல்லை. பிறந்த குழந்தையைப்போல் நம்மைப் பார்த்து விழித்தது.

குற்றம் யந்திரத்தினுடையது என்று நாம் சொல்லவில்லை. எழுதியதையெல்லாம் பெரிய கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதற்கென்றே அதனுடன் ஒரு தொட்டிலும் வந்திருந்தது. தொட்டிலில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். நம் வீட்டில் அப்போது கம்ப்யூட்டர் இல்லை. இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகவும் நமக்குத் தோன்றவில்லை.

இதை வீட்டில் சொல்ல வெட்கமாயிருந்தது. ஐந்து மாத காலம் வாய் திறக்காமல், பழைய மாணாக்கர்களையெல்லாம் தேடிப் பிடித்து ஆசிரியரின் விலாசத்தை விசாரித்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு நாள் இல்லத்தரசியிடம் உண்மையை ஒப்புக்கொண்டோம். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பால் கணக்கு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தாள். ஒரு பக்கத்தில் 'அரைப் படி' என்பதற்குக் கீழே, பென்ஸிலால், தமிழில், நாகபுரி விலாசம் முழுவதும் இருந்தது. அன்று காப்பி கொண்டுவந்தபோது காதில் விழுந்ததாம்; எழுதி வைத்தாளாம்.

"முன்னாலேயே கேட்டிருக்கக்கூடாதா?" என்றாள்.

உடனே கடிதம் போட்டோம். பதினைந்து நாளில் பதில் வந்தது. தாமதத்துக்கு அவர் காரணம் கேட்கவில்லை. ஆனால் எழுத்துக்களில் கை நடுக்கம் தெரிந்தது. அவரிடமிருந்து அதற்குப் பிறகு நமக்கு வந்தவை மூன்று கடிதங்களே. தொலைந்துபோன ஐந்து மாதங்களில் இன்னும் ஐந்து வந்திருக்கக்கூடும்.

இந்தக் கதையின் நீதி, "யந்திரத்தை விட்டெறி, நோட்டுப் புத்தகத்தைக் கட்டிக்கொள்" என்பது அல்ல. நோட்டுப் புத்தகத்தையும் கரையான் தின்னும்; மழை நனைக்கும்; பழைய காகிதக்காரனுக்கு எடை போடப்படும். நமக்குத் தோன்றிய நீதி வேறு. குடும்பத்தின் ஞாபகம் ஒருவருடைய பையில் மட்டும் இருக்கக்கூடாது; குடும்பத்துக்குத் தெரியாத எழுத்தில் இருக்கவும் கூடாது.

இந்த உண்மையை உணர்ந்து யந்திரம் செய்தவர்கள் நம் தேசத்திலேயே இருந்தார்கள் என்பதை எண்ணும்போது பெருமையும் வருத்தமும் சேர்ந்து உண்டாகின்றன. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்களும், என்கோர் என்ற கம்பெனியின் இஞ்சினீயர்களும் சேர்ந்து 1999-ல் ஒரு தர்மகர்த்த ஸ்தாபனம் அமைத்து, 'ஸிம்ப்யூட்டர்' என்னும் கைக்கருவியைத் திட்டமிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியும் உபயோகிக்கும்படி, அது ஹிந்தி, கன்னடம், தமிழ் முதலிய பாஷைகளில் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் லக்ஷ்யம். தனியாக வாங்க வசதியில்லாதவர்கள் கூட்டாக வாங்கலாம். ஆளுக்கு ஒரு சிறு அட்டை; அட்டையைச் செருகினால் அவரவர் விஷயம் அவரவருக்கு. ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி போதும்!

2004-ல் அது கடைக்கு வந்தது. விலை சுமார் பதினாயிரம் ரூபாயிலிருந்து ஆரம்பம். விற்றவை சில ஆயிரங்களே. அதே சமயத்தில் கைத்தொலைபேசியின் விலை நாளுக்கு நாள் இறங்கிற்று. குறிப்பு எழுதுவதைக் காட்டிலும் பேசுவதுதான் ஜனங்களுக்கு அவசரத் தேவையாயிருந்தது. பைலட்டின் கதியும் முடிவில் அதுவே. 2010-ல் பாம் கம்பெனியை ஹ்யூலெட் பாக்கார்ட் கம்பெனியார் விலைக்கு வாங்கி, அடுத்த வருஷமே அந்தக் கருவிகளைக் கைவிட்டார்கள். தொலைபேசி, காரியதரிசியை விழுங்கிவிட்டது.

இன்று நம் கையில் உள்ள தொலைபேசிக்குத் தமிழ் நன்றாக வருகிறது. ழகரமும் தப்பிப் பிழைத்தது. பிரதி எடுத்து வைக்கும் ஏற்பாட்டை ஒரு தடவை செய்துவிட்டால், பிறகு நாம் தூங்கும்போதே அது நடந்துவிடுகிறது. பாட்டரி தீர்ந்தாலும் எழுதியது அழிவதில்லை. பழைய குறைகளில் அநேகமாக எல்லாம் நீங்கிவிட்டன. ஆனால் ஒன்று மட்டும் நீங்கவில்லை, முன்னைவிடப் பலப்பட்டிருக்கிறது. அதுதான் பூட்டு. உரியவரின் விரலுக்கும் முகத்துக்கும் அது திறக்கிறது. அந்த விரலும் முகமும் ஒரு நாள் இல்லாமற்போனால்? பாங்குக் கணக்கு எங்கே, இன்ஷ்யூரன்ஸ் பத்திரம் எங்கே, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த நண்பருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று தெரியாமல், துக்கத்தின் நடுவே ஒரு சிறு கண்ணாடிப் பலகையை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். நேயர்களும் பார்த்திருப்பார்கள்.

ஆகையால் நாம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறை, சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள், தொலைபேசியில் உள்ள முக்கியமான விஷயங்களையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதுகிறோம். ஒரு மணி நேர வேலைதான். மறுநாள் அதைப் புஸ்தகங்களோடு பூஜையில் வைத்து, பிறகு இல்லத்தரசியின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

அவள் அதைப் பால் கணக்கு நோட்டுடன் சேர்த்து வைக்கிறாள். அதைவிடப் பத்திரமான இடம் இந்த வீட்டில் கிடையாது என்பதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.