கை வாக்குவம் கிளீனர் வாங்கலாமா?

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்துவிட்டுப் போனால் சோபா இடுக்கெல்லாம் முறுக்குத் தூள். அதைப் பார்த்த மகன் கைக்கு அடக்கமான வாக்குவம் கிளீனர் ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டான்.

முறுக்குத் தூள், தலைமுடி, கட்டில் இடுக்கு, கார் சீட் இவற்றுக்கு நல்ல சாமான்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இழுத்துவிடலாம். சாம்பார் கொட்டினால் மட்டும் எடுத்துவிடாதீர்கள். சாதாரண மிஷின் ஈரத்துக்கு ஆகாது.

ஆனால் நம் ஊர்த் தூசி வேறு ரகம். அரியலூரில் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் இருக்கின்றன. கல் லாரி நாலு போனால் ஜன்னல் கம்பியில் மாவு சலித்த மாதிரி படியும். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் அடிக்கிற நாளில் கேட்கவே வேண்டாம். அந்த மாவு ஃபில்டரை அடைத்துக்கொண்டால் மிஷின் சத்தம் போடுமே தவிர இழுக்காது.

ஒருநாள் ஃபில்டரைக் கூடத்திலேயே தட்டிவிட்டேன். பிடித்த தூசியெல்லாம் திரும்பப் பறந்தது. என் மனைவிக்கு இளைப்பு உண்டு. அன்று ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். இப்போது கொல்லையில், மூக்கில் துண்டு கட்டிக்கொண்டுதான் தட்டுகிறேன். கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுகிறேன்.

பூந்துடைப்பமும் யோக்கியம் இல்லை, அதுவும் நுண்தூசியைக் கிளப்பிவிடும். ஜன்னலுக்கும் தரைக்கும் பிழிந்த ஈரத்துணிதான் சரி.

தரை முழுக்க இதால் பெருக்க நினைக்காதீர்கள், சார்ஜுக்கு முன்னால் நம் இடுப்பு தீர்ந்துவிடும். காசு போட்டு வாங்குவதானால் நின்றபடி தள்ளும் நீளக்குழாய் உள்ளதாகப் பாருங்கள்.