விரற்கடைத் தீர்ப்பு

ஆப்சைடு விதியை அறியாதவர் நம் விடுதியில் இல்லை. ஆகவே அதை விளக்கிப் பக்கத்தை வீணாக்கப் போவதில்லை. அந்த விதியை அளக்க வந்திருக்கும் கருவியோடுதான் எனக்கு வழக்கு.

2024 ஏப்ரல் 21 இரவு, விடுதியின் பொது அறையில் தொலைக்காட்சி முன் கூடியிருந்தோம். லண்டன் வெம்பிளி மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. ஒருபுறம் மான்செஸ்டர் யுனைடெட். மறுபுறம் அப்போது இரண்டாம் பிரிவில் ஆடிய கவென்ட்ரி சிட்டி. மூன்று கோல் பின்தங்கிக் கிடந்த கவென்ட்ரி, எழுபதாவது நிமிஷத்துக்குப் பிறகு மூன்றையும் ஈடுகட்டிவிட்டது! கூடுதல் நேரமும் தீர்ந்து, 121-ஆவது நிமிஷத்தில் விக்டர் டார்ப் நான்காவது கோலையும் போட்டார். யுனைடெட் பக்தரான என் அறைத்தோழரே எழுந்து கைதட்டினார் என்றால் பாருங்கள். பிறகு வீடியோ நடுவர் கோடு போட்டார். பந்தைக் கொடுத்த ஹாஜி ரைட்டின் கால் நுனி தாண்டியிருந்ததாம். கோல் இல்லை. பெனால்டியில் கவென்ட்ரி தோற்றது.

"விதி விதிதானே? விரற்கடை தாண்டினாலும் தாண்டியதுதானே?" என்று கேட்கிறார்கள் நண்பர்கள். நியாயமான கேள்வி. நானும் விதியை எதிர்க்கவில்லை. தாண்டியது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒளிபரப்புக் காமிரா வினாடிக்கு 50 படங்கள் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே நிகழ்ந்ததை அது காணாது. முன்னே பாயும் ஆட்டக்காரர் வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார் என்று வையுங்கள். அந்த இடைவெளியில் 14 சென்டிமீட்டர் போய்விடுவார். தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் 3 மீட்டர் வேகத்தில் வந்தால் இன்னும் 6. ஆக, 20 சென்டிமீட்டர்! பந்தில் கால் பட்ட கணம் இந்தப் படமா, அடுத்த படமா என்று ஒன்று தவறினால், ஒரு சாண் அளவுக்குப் பிழை. அதை வைத்துக்கொண்டு விரல் நுனியை அளப்பது, வீட்டு எடைத்தராசில் தங்கம் நிறுப்பதுபோல அல்லவா?

நம் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவன் ஒரு கம்பியின் விட்டத்தை அளந்து, பிழை எவ்வளவு என்று குறிக்காமல் நோட்டை நீட்டட்டும். நோட்டு ஜன்னல் வழியே பறக்கும். கோடிகள் புரளும் ஆட்டத்தில் மட்டும் யாரும் கேட்பதில்லை.

முற்றிலும் கேட்கவில்லை என்றும் சொல்வதற்கில்லை. பிரிமியர் லீகில் 2021-22 பருவத்தில் கோடுகளைத் தடிப்பாக்கினார்கள். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் தாக்குபவருக்கே சாதகம். பிழை உண்டு என்பதை ஒப்புக்கொண்ட செயல் அது. ஆனால் தடித்தது சில சென்டிமீட்டர்தான்.

"புதுக் கருவி வந்துவிட்டதே!" என்பீர்கள். உண்மை. 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள் பொருத்திய உணர்கருவி வினாடிக்கு 500 முறை செய்தி அனுப்பியது. உதைத்த கணம் இப்போது நன்றாகவே தெரிகிறது. ஆயினும் ஆட்டக்காரரின் உடலில் 29 இடங்களைக் கவனித்த காமிராக்கள் அங்கும் வினாடிக்கு 50 முறைதான் பார்த்தன. நடுவில் உள்ளதைக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். பிழை சுருங்கியது, ஒழியவில்லை. 2024 ஜூன் 29-இல் டார்ட்மண்டில் ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் ஆண்டர்சன் போட்ட கோல், டிலேனியின் கால் நுனிக்காக ரத்தாயிற்று. திரையில் வழவழப்பான பொம்மை உருவம் காட்டினார்கள். பொம்மையைக் காட்டினார்களே தவிர, அது எவ்வளவு தவறியிருக்கலாம் என்று காட்டவில்லை. என் கோபம் அதன்மேல்தான்.

கிரிக்கெட்டைப் பாருங்கள். எல்.பி.டபிள்யூ. முறையீட்டில் பந்து ஸ்டம்பை ஓரத்தில் மட்டும் உரசும் என்று கருவி காட்டினால், மைதானத்து அம்பயர் சொன்னதே நிற்கும். அதைத் திட்டாத ரசிகர் நம்மிடையே கிடையாது, நானும் திட்டியிருக்கிறேன். இருந்தாலும் கருவிக்குத் தெரியாத இடம் இது என்று அந்த ஆட்டம் வாய்விட்டுச் சொல்கிறது. கால்பந்தும் அப்படிச் செய்யட்டும். கருவியின் பிழை எல்லையைப் பகிரங்கமாக அறிவிக்கட்டும். அதற்குள் வருவதையெல்லாம் கொடி பிடித்த துணை நடுவரின் கண்ணுக்கே விட்டுவிடட்டும்.

அறைத்தோழர் இதை ஒப்பவில்லை. அவரும் அவர் கட்சியினரும் அடுத்த இதழில் தாராளமாக மறுக்கலாம். பிழை எல்லையைக் குறித்து எழுதினால் போதும்.