மதியம் அரை மணி நேரம் நமக்கே!

வீட்டில் ஆண்கள் காலையில் ஒரு மணி நேரம் பேப்பர் படித்தால், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நாம் ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும், 'வேலையெல்லாம் முடிஞ்சுதா?' என்று கேள்வி வந்துவிடும்.

பத்தாவது வரை படித்தவள் நான். மதியம் பாத்திரம் கழுவி வைத்ததும், அரை மணி நேரம் படிப்பேன். இப்போது படிப்பது, ராஜம் கிருஷ்ணன் எழுதிய, 'கரிப்பு மணிகள்' நாவல். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள் படும் பாட்டைச் சொல்கிறது. தினமும் குழம்பில் அள்ளிப் போடும் உப்புக்குப் பின்னால், இத்தனை பெண்களின் கஷ்டமா என்று மனசு கனத்துப் போகிறது. முதலில் முணுமுணுத்த என் மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். இப்போது அவரே, 'அப்புறம் என்னாச்சு?' என்று கேட்கிறார்!

புத்தகம் வாங்கக் காசு ஏது என்கிறீர்களா? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948ல் வந்த சட்டப்படி, நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அப்புறம், கிளை நூலகத்தின் வாசல்படி ஏற என்ன தயக்கம்?

பிள்ளைகளை, 'படி படி' என்று விரட்டுகிறோமே... நாம் படிப்பதையும் அவர்கள் பார்க்கட்டுமே, தோழிகளே!

- ஒரு இல்லத்தரசி, விருதுநகர்.