குடிநீர் ஆராய்ச்சியும் நமது சந்தாவும்

நெசவாளர் வீட்டில் தண்ணீரின் குணத்தை நாக்குக்கு முன்பே நூல் சொல்லிவிடும். கடின நீரில் சோப்பு நுரைப்பதில்லை. சாயம் ஒரு சீராகப் பிடிப்பதில்லை. விவசாயிக்கும் அவ்வாறே. கிணறு உவர்ப்பேறிவிட்டதை இலை நுனியில் தோன்றும் கருகலே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் குடிநீரில் கலந்துள்ள கேடு எப்போதும் இப்படித் தானாக வெளிப்படுவதில்லை. புளோரைடு கலந்த நீருக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை தோன்றும்போதுதான் அது வீட்டிற்குள் வந்து பல ஆண்டுகள் ஆயின என்பது தெரிய வருகிறது. முதுகு வளையாமல், கழுத்துத் திரும்பாமல் பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது, மருந்தால் மீட்க முடியாத நிலை வந்துவிடுகிறது. எனவே குடிநீரைப் பொறுத்தவரையில் ஆராய்ச்சி என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு அன்று. கண்ணுக்குத் தெரியாததைக் கண்டு சொல்ல வேறு வழி இல்லை.

அந்த ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது, நமது ஊர்க் குழாய் வரையில் அதன் பயன் ஏன் வந்து சேர்வதில்லை என்பதைப் பற்றி இம்மாதம் சிறிது விரிவாகவே பேச விரும்புகிறோம்.

இந்தியாவில் புளோரைடு நோய் பற்றிய முதல் விஞ்ஞான அறிக்கை 1937-ல் வெளிவந்தது. கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராயிருந்த ஷார்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாக் கிராமங்களை ஆராய்ந்து அதனை எழுதினர். உழவு மாடுகள் முடமாவதைக் கண்டு அப்பகுதி விவசாயிகளே முதலில் ஐயுற்றனர் என்று சொல்வதும் உண்டு. நோய் இன்னதென்று தெரிந்தது 1937-ல். அதனைத் தண்ணீரிலிருந்து நீக்க நம் நாட்டுக் கிராமங்களுக்கு ஏற்ற முறை ஒன்று வகுக்கப்பட்டதோ 1970-களில்தான். நாகபுரியில் 1958-ல் நிறுவப்பட்ட மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம், 1974-ல் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையமாகப் பெயர் மாறியது. அங்கே உருவானதே நல்கொண்டா முறை.

அம்முறை எளிது. தண்ணீரில் படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் அளவறிந்து இட்டுக் கலக்க வேண்டும். படிகாரம் திரிதிரியாகத் திரண்டு புளோரைடைப் பற்றிக்கொண்டு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை வடித்துக் கொள்ளலாம். வாளியில் வீட்டளவிலும் செய்யலாம். தொட்டி கட்டி ஊரளவிலும் செய்யலாம். பாவுக்குக் கஞ்சிப் பதம் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது கைவராத வித்தை அன்று.

பின் ஏன் அது ஊர்தோறும் நிலைக்கவில்லை? படிகாரத்தின் அளவு, நீரில் உள்ள புளோரைடையும் காரத் தன்மையையும் பொறுத்து மாறும். அளவு தவறினால் புளோரைடு எஞ்சும், அல்லது அலுமினியம் நீரில் தங்கும். படிகாரம் மிகுதியாகத் தேவைப்படும் ஊரில் நீரின் சுவை கெடுகிறது. நாள்தோறும் சேரும் வண்டலைக் கொட்ட இடம் வேண்டும். இவையனைத்தையும் அன்றாடம் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். கிளர்வூட்டிய அலுமினாவைக் கொண்டு வடிகட்டும் முறைக்கும் இதே கதிதான். சில காலத்தில் அதன் ஈர்ப்பு வலிமை தீர்ந்துவிடும்; காஸ்டிக் சோடாவும் அமிலமும் கொண்டு அதனைக் கழுவிப் புதுப்பித்தாக வேண்டும். முறையைக் கண்டுபிடிக்கப் பணம் இருந்தது. முதல் தொட்டியைக் கட்டவும் பணம் இருந்தது. மூன்றாம் ஆண்டு மாசித் திங்களில் அலுமினாவைப் புதுப்பிக்கப் பணம் எந்தத் தலைப்பிலும் இல்லை. தறி வாங்கக் கடன் கொடுத்து, நாடாவுக்கும் அச்சுக்கும் ஒன்றும் கொடுக்காமல் விட்டால் அந்தத் தறி எத்தனை நாள் ஓடும்?

இப்போது ஊர்தோறும் எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரத்தை வைத்து, நாணயம் போட்டால் குடம் நிறையும் ஏற்பாடு வந்திருக்கிறது. அதன் நீர் சுவையாக உள்ளது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இறைக்கும் நீரில் பாதியோ அதற்கு மேலோ உப்பும் புளோரைடும் செறிந்த கழிவாய் வெளியேறுகிறது. அது பக்கத்து வாய்க்காலுக்குப் போகிறது. அங்கிருந்து மறுபடியும் நிலத்துக்குள்ளேயே இறங்குகிறது. குடிக்கிறவருக்கு நன்மை, விளைவிக்கிறவருக்குத் தீமை என்று இதனை எத்தனை நாள் நடத்துவது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவந்த திட்டம் வேறு வழி. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு நிறைவேறி, 2013-ல் அது தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல ஆற்று நீர் எட்டும் தூரத்தில் இருந்தால் அதுவே சிறந்தது என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆனால் எல்லா ஊருக்கும் ஓர் ஒகேனக்கல் கிடையாது. குழாயில் நீர் வராத நாளில் மக்கள் நாடுவது பழைய ஆழ்துளைக் கிணற்றையே.

நெசவுத் தொழிலைச் சேர்ந்த ஒரு செய்தியையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். நெசவாளரும் விவசாயியும் ஒருங்கே அங்கத்தினராயுள்ள பத்திரிகையில் இதனைப் பேசுவது சங்கடந்தான். பேசாமலிருப்பது அதைவிடச் சங்கடம். பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்பு நிறைய இட வேண்டும். அந்த உப்பு நூலில் தங்குவதில்லை. கழிவோடு முழுதும் வெளியேறுகிறது. திருப்பூர்ச் சாய நீர் நொய்யலில் இறங்கியது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. கீழ்ப்புறத்துக் கிணறுகள் பாழாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளியே விடாத ஏற்பாடு முடியும் வரையில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பின்னரே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உப்பு நீரைப் பிரித்துச் சாயத் தொட்டிக்கே திருப்பும் வேலை ஊன்றி நடைபெறலாயிற்று. அந்த ஆராய்ச்சிக்கு இருபது ஆண்டு முன்னதாகப் பணம் ஒதுக்கியிருந்தால், பட்டறையும் மூடியிருக்காது, தோட்டமும் கெட்டிருக்காது. உப்புக் குறைந்த சாய முறைக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் குடிநீர் ஆராய்ச்சியிலேயே சேரும் என்று நாம் கருதுகிறோம்.

இனி, பணம் இருக்கிறதா என்று பார்ப்போம். இருக்கிறது. மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை 2007-ல் நீர்த் தொழில்நுட்ப முயற்சி என்னும் திட்டத்தைத் தொடங்கி, பல நிலையங்களுக்கு உதவியளித்தது. 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தின் வழிகாட்டு விதிகளிலேயே ஆராய்ச்சிக்கும் புது முறைகளுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். 2023-ல் இயற்றப்பட்ட சட்டத்தால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஏற்பட்டிருக்கிறது. பணம் கிடைத்த இடத்தில் பலனும் கிடைக்காமலில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப் குழுவினர், இரும்புச் சேர்மத்தையும் இறால் ஓடு போன்றவற்றிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் இணைத்து, ஆர்சனிக் நச்சை வடிக்கும் பொருளைச் செய்தனர். மேற்கு வங்கம் முதலிய இடங்களில் அது பயனுக்கு வந்திருக்கிறது. அவர்களுக்கு 2022-ல் இளவரசர் சுல்தான் பெயரால் வழங்கப்படும் பன்னாட்டு நீர்ப் பரிசும் கிடைத்தது. குப்பையில் எறியும் இறால் ஓடு ஊர்க் குடத்துக்குக் காவலாவது நமக்கு மகிழ்ச்சியே.

நமது குறை வேறு. இந்த உதவிகளுக்கு விண்ணப்பிப்பவர் யார்? பெரும்பாலும் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும்தான். தண்ணீர் கொடுப்பவரோ நகராட்சியும் ஊராட்சியும் குடிநீர் வடிகால் வாரியமும் ஆவர். எந்தக் கிணற்றில் எந்த மாதம் உப்பு ஏறுகிறது, எந்தத் தொட்டியில் பாசி படர்கிறது என்பது மோட்டார் இயக்குபவருக்குத் தெரியும். ஆராய்ச்சியாளர் அவரிடம் வந்து சீசாவில் தண்ணீர் பிடித்துச் செல்கிறார்; முடிவு என்ன என்று திரும்பி வந்து சொல்பவர் சிலரே. திட்டக் காலம் முடிந்ததும் இயந்திரத்தின் மீது பெயர்ப்பலகை மட்டும் எஞ்சுகிறது.

தண்ணீர் வழங்கும் நிலையமே ஆராய்ந்தால் என்ன விளையும் என்பதற்கு ராட்டர்டாம் நகரம் சான்று. அந்நகரக் குடிநீர் நிலையத்து ரசாயனரான ரூக் என்பவர், ஆற்று நீரில் குளோரின் இடும்போது குளோரோபாரம் முதலான பொருள்கள் உண்டாவதை 1974-ல் வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவிலும் இது கண்டறியப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1979-ல், அமெரிக்க அரசு அப்பொருள்களுக்கு லிட்டருக்கு 0.10 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியது. (இதனால் குளோரின் இடுவதையே நிறுத்தலாம் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது, காலராவுக்கு முன் அது மிகச் சிறிய கேடு.) தன் குழாய் நீரைத் தானே நாள்தோறும் சோதித்தவரின் கண்ணில்தான் அது பட்டது.

அதே நெதர்லாந்து நாட்டில் குடிநீர்க் கம்பெனிகள் ஒன்றுகூடி ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தமக்குச் சொந்தமாகவே வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1966-ல் குடிநீர்த் துறையினர் தொடங்கிய ஆராய்ச்சி அறநிலையம், பின்னர் உறுப்பு நிலையங்களின் சந்தாவால் வளர்ந்தது. 2018-ல் கழிவுநீர் ஆராய்ச்சி நிலையத்தோடு இணைந்து ஒன்றாயிற்று. அங்கே ஒரு நகரத்துக் குடிநீர் நிலையம், ‘எங்கள் நீரில் இன்ன தொல்லை, இதற்கு நாங்கள் இவ்வளவு பணம் போடுகிறோம்’ என்று முன்வந்தால், பொது நிதியிலிருந்து ஈடான தொகை சேர்த்து ஆராயும் ஏற்பாடு உண்டு. முடிவு சந்தா கட்டிய அனைவருக்கும் பொது. இதற்கு நம் மொழியில் என்ன பெயர் என்று அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கும் இது புதிதன்று. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி, லாபத்தில் நடக்கும் சங்கம் தன் நிகர லாபத்தில் ஒரு பங்கைக் கூட்டுறவு ஆராய்ச்சி வளர்ச்சி நிதிக்கும், மற்றொரு பங்கைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்கும் செலுத்தி வருகிறது. நெசவாளர் சங்கம் தன் லாபத்திலிருந்து ஆராய்ச்சிக்குப் பங்கு கட்ட இயலுமானால், ஊராட்சிகளும் நகராட்சிகளும் தண்ணீர் வரியிலிருந்து குடத்துக்குக் காசு என்ற கணக்கிலாவது மாவட்ட நீராராய்ச்சி நிதி ஒன்றை ஏன் திரட்டக் கூடாது? அத்தொகையை ஈடாக வைத்துக்கொண்டு மத்திய உதவிக்கு விண்ணப்பித்தால், கல்லூரியும் ஊராட்சியும் சமநிலையில் அமர்ந்து பேசலாம்.

மின் கட்டணத்தையே கட்ட முடியாத ஊராட்சியிடம் சந்தா கேட்கலாமா என்று சிலர் வினவுவர். கேள்வி நியாயமானது, இதற்கு நாம் முழு விடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நலிந்த ஊராட்சிகளுக்கு அரசே அப்பங்கைச் செலுத்த வேண்டிவரும். ஆனால் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்குள் அமையும் வேலைகளின் செலவில் 10 சதவீதத்தை மக்களே ஏற்பது விதி. பங்கு போட்டவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பது கூட்டுறவின் அரிச்சுவடி. குழாய்க்குப் பங்கு போட்டவர், குழாயில் வருவது என்ன என்று கேட்பதில் தவறு என்ன?

ஆராய்ச்சிக்கு உதவி வழங்குவோரிடமும் நாம் வற்புறுத்துவன உண்டு. தண்ணீர் வழங்கும் ஊராட்சியோ நகராட்சியோ கையெழுத்திடாத விண்ணப்பத்தை ஏற்கலாகாது. இயந்திரம் நிறுவும் செலவோடு, ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவும் கழிவை அகற்றும் செலவும் ஒதுக்கப்பட வேண்டும். முடிவுகள் தமிழில் ஊராட்சிப் பலகையில் எழுதப்பட வேண்டும். இவற்றுள் கடைசியானதற்குச் செலவே இல்லை. ஆயினும் அதுதான் மிகக் கடினமாயிருக்கும் என்று அஞ்சுகிறோம்.

ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தருவது ஜல் ஜீவன் இயக்கத்தின் ஏற்பாடு. அவர்களுள் நமது சங்க அங்கத்தினர் வீட்டுப் பெண்கள் இருந்தால், அவர்கள் குறித்து வைத்த அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டுகிறதா, 1.5-ஐயும் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் முன்னது ஏற்புடைய அளவு, பின்னது வேறு நீர் கிடைக்காவிடில் பொறுத்துக்கொள்ளும் எல்லை. மார்ச் 22 உலக நீர் நாளன்று கிராம சபை கூடுவதாகத் தமிழ்நாட்டில் 2022-ல் அறிவிக்கப்பட்டது. அந்த எண்களோடு சபைக்குச் சென்று, மாவட்ட நீராராய்ச்சி நிதி வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை எழுத்தில் கொடுங்கள். நிறைவேறிய தீர்மானத்தின் நகலை நமது அலுவலகத்துக்கு அனுப்பினால், ஊர்ப் பெயரோடும் அளவுகளோடும் இப்பக்கங்களில் வெளியிடுவோம்.